டக்ளஸ் வழக்கு: பாரிஸில் பிறந்த இரட்டையர் யாருடைய பிள்ளைகள்?

1767 ஜூலை மாதம் எடின்பரோவில் பதினைந்து நீதிபதிகள் அமர்ந்து, ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞர், தன் தாய் என்று அவர் சொல்லிவந்த லேடி ஜேன் டக்ளஸின் மகன் அல்லர் என்று ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் முடிவு செய்தார்கள். அதே சாட்சியங்களும் அதே கடிதங்களும் லண்டனில் பிரபுக்கள் அவைக்கு மேல்முறையீடாகப் போயின. 1769 பிப்ரவரி 27 அன்று அந்த அவை, அவர் லேடி ஜேனின் மகன்தான் என்று வாக்கெடுப்பே இல்லாமல் தீர்ப்பளித்தது. புதிய சாட்சி யாரும் இடையில் வந்து உண்மையைப் புரட்டிப் போட்டுவிடவில்லை. அப்படியிருக்க, தீர்ப்பு எப்படித் தலைகீழானது?

இந்த வழக்கைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் "உண்மையில் அவர் யார் பிள்ளை?" என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருந்துவிடுகிறார்கள். வழக்கின் முடிச்சு அங்கே இல்லை. எதை, யார், எந்த அளவுக்கு மெய்ப்பிக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு நீதிமன்றங்களும் பிரிந்தன. அதைப் புரிந்துகொள்ள, அந்தக் குடும்பத்திலிருந்தும் அதன் சொத்து எப்படிக் கைமாறும் என்பதிலிருந்தும் தொடங்க வேண்டும்.

## டக்ளஸ் குடும்பம்

ஸ்காட்லாந்தின் தெற்கே லானார்க்ஷயர் பகுதியில் வேரூன்றிய டக்ளஸ் குடும்பம், அந்நாட்டின் மிகப் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. 1329இல் இறந்த மன்னர் ராபர்ட் புரூஸின் இதயத்தைப் பேழையில் வைத்துப் புனிதப் பயணமாக எடுத்துச் சென்று, வழியில் ஸ்பெயின் போரில் உயிரிழந்த சர் ஜேம்ஸ் டக்ளஸ் இக்குடும்பத்தின் முன்னோர். அரசர்களுக்கே அச்சமூட்டிய பெயர் அது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெரிய மரத்தின் தலைமைக் கிளையில் மிஞ்சியவர்கள் ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் மட்டுமே.

அண்ணன் ஆர்ச்சிபால்ட், 1694இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே, 1703இல், அவருக்கு டியூக் பட்டம் கிடைத்தது. பிரிட்டனின் பிரபுப் பட்டங்களில் டியூக் என்பதே உச்சம். அதற்குக் கீழே மார்க்வெஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று வரிசை இறங்கும். வழக்கின் நாயகரான இளைஞரின் பெயரும் ஆர்ச்சிபால்ட் என்பதால், மூத்தவரை இக்கட்டுரை முழுவதும் டியூக் என்றே குறிப்பிடுகிறேன்.

டியூக் தனிமையை விரும்பியவர், சந்தேகக்காரர், சினம் வந்தால் தன்னை மறப்பவர். 1725இல் டக்ளஸ் கோட்டைக்கு விருந்தாளியாக வந்திருந்த ஜான் கெர் என்ற உறவினரை அவர் கொன்றார். அதன்பின் சிறிது காலம் ஹாலந்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். கெர், லேடி ஜேனை மணக்க விரும்பியவர் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. எவ்வளவு பெரிய மனிதருக்கு எவ்வளவு சிறிய விளைவு என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. ஓர் உயிரை எடுத்த டியூக், தன் நிலங்களை ஆண்டபடியே மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

தங்கை ஜேன் 1698இல் பிறந்தவர். அழகுக்கும் நடத்தைக்கும் பேர் பெற்றவர். டால்கீத் ஏர்ல் பிரான்சிஸ் ஸ்காட்டுக்கும் இவருக்கும் திருமணம் பேசி முடிவான நிலையில் அது முறிந்தது. பிரான்சிஸ் ஸ்காட் 1720இல் மணந்துகொண்டது குவீன்ஸ்பெரி டியூக்கின் மகளை; அந்தப் பெண்ணின் பெயரும் லேடி ஜேன் டக்ளஸ். பழைய நூல்களைப் படிப்போர் இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவது வழக்கம். நம்முடைய லேடி ஜேன் அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேல் மணமாகாமலே இருந்தார். அண்ணன் தந்துவந்த ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகையே அவருக்கு ஆதாரம்.

## இரகசியத் திருமணமும் பாரிஸ் பயணமும்

1746 ஆகஸ்ட் 4 அன்று, தன் நாற்பத்தெட்டாம் வயதில், லேடி ஜேன் கர்னல் ஜான் ஸ்டூவர்ட்டை இரகசியமாக மணந்தார். ஸ்டூவர்ட் கிராண்ட்டலி என்னும் ஊரின் பாரனெட் (பாரனுக்கும் கீழான பரம்பரைப் பட்டம்) குடும்பத்தின் இளைய மகன், மனைவியை இழந்தவர், ஏறத்தாழ அறுபது வயதானவர், கையில் காசில்லாதவர். ஆட்சியிலிருந்து விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர் என்பதால் அரசின் கண்ணிலும் ஐயத்துக்குரியவர். கலோடன் போரில் அந்த வம்சத்தின் கடைசிப் படை முறியடிக்கப்பட்டு நான்கு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதால் தம்பதியர் திருமணத்தை மறைத்து ஐரோப்பாவுக்குப் போனார்கள். உடன் சென்றவர் ஹெலன் ஹ்யூயிட் என்ற தோழி. பணிப்பெண்கள் இருவரும் சென்றனர்.

1748 வசந்தத்தில் அவர்கள் ஆகன் நகரில் இருந்தபோது லேடி ஜேன் கருவுற்றிருந்ததைப் பலர் பார்த்ததாகப் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். அங்கிருந்து பிரான்சின் ரீம்ஸ் நகருக்கு வந்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் பணிப்பெண்களை ரீம்ஸிலேயே விட்டுவிட்டு, கணவர், மனைவி, தோழி மூவரும் மட்டும் பாரிஸுக்குப் புறப்பட்டனர். ஜூலை 10 அன்று பாரிஸில் மேடம் லா ப்ரூன் என்பவரின் வீட்டில், பியர் லா மார் என்ற பிரசவ மருத்துவர் உதவியுடன் தனக்கு இரட்டை ஆண்குழந்தைகள் பிறந்ததாக லேடி ஜேன் அறிவித்தார். அவருக்கு அப்போது ஐம்பது வயது.

மூத்தவன் ஆர்ச்சிபால்ட்; அவனைத் தங்களோடு எடுத்துக்கொண்டு ரீம்ஸ் திரும்பினார்கள். இளையவன் ஷோல்ட்டோ மிகவும் நலிந்திருந்ததால் பாரிஸுக்கு வெளியே ஒரு செவிலித்தாயிடம் விட்டதாகச் சொன்னார்கள். 1749 நவம்பரில், அதாவது பதினாறு மாதங்களுக்குப் பிறகே, அவனைப் போய் எடுத்துவந்தார்கள். அந்தப் பதினாறு மாதங்களில் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் ஷோல்ட்டோவைப் பார்த்ததில்லை. இந்த இடைவெளியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கின் மிகக் கனமான பகுதி இதன்மேல்தான் கட்டப்பட்டது.

## லண்டனில் வறுமை, எடின்பரோவில் மரணம்

செய்தி அறிந்த டியூக் நம்பவில்லை. உதவித்தொகையை நிறுத்தினார். 1749 இறுதியில் இரண்டு குழந்தைகளோடு லண்டன் வந்த குடும்பம் கடனில் மூழ்கியது; கர்னல் கடனாளிச் சிறையில் அடைபட்டார். அந்நாளில் கடனைக் கட்ட முடியாதவரைக் கடன் தீரும்வரை சிறையில் வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. லேடி ஜேன் துணிகளையும் பொருள்களையும் விற்றுப் பிள்ளைகளைக் காத்தார். 1750இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் அளித்ததால்தான் பட்டினி தவிர்ந்தது.

1753இல் குழந்தைகளோடு டக்ளஸ் கோட்டை வாசலுக்குப் போய், அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நின்றார். பிறந்த வீட்டின் கதவு திறக்கப்படவில்லை. அந்த மே மாதம் ஷோல்ட்டோ இறந்தான். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 22 அன்று, எடின்பரோவில் லேடி ஜேனும் இறந்தார். மகன் ஆர்ச்சிபால்டைத் தன் பிள்ளை என்றே ஆசீர்வதித்து இறந்தார் என்பதைப் பிறகு நீதிமன்றம் வரை எடுத்துச் சென்றார்கள். ஐந்து வயதுச் சிறுவன் பிறர் தயவில் வளர்ந்தான். குவீன்ஸ்பெரி டியூக் அவனுக்குப் பாதுகாவலரானார்.

டியூக்கின் மனத்தை மாற்றியவர் அவர் 1758இல், அறுபத்துநான்காம் வயதில் மணந்த மார்கரெட் டக்ளஸ். மெயின்ஸ் என்னும் ஊரின் டக்ளஸ் குடும்பத்தைச் சேர்ந்த இவர் துணிந்த பேச்சுக்காரர். இறந்துபோன நாத்தனாரை இவர் நம்பினார். அதனால் கணவனோடு சண்டையிட்டுச் சிறிது காலம் பிரிந்தும் வாழ்ந்தார். பிடியை மட்டும் விடவில்லை. தனக்கு ஒரு நன்மையும் இல்லாத ஒரு காரியத்துக்காக இவ்வளவு உறுதியாக நின்றவர் இந்த வழக்கில் இவர் ஒருவரே என்று எனக்குத் தோன்றுகிறது. 1761 ஜூலையில், சாவதற்குச் சில நாள் முன், டியூக் தன் சொத்து குறித்த முந்தைய ஏற்பாட்டை மாற்றிப் புதிய ஆவணத்தில் கையெழுத்திட்டார்.

## பட்டம் ஒரு வழி, நிலம் ஒரு வழி

இங்கே சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. ஆண்வழி வாரிசு. தந்தைக்குத் தந்தை என்று ஆண்கள் வழியாகவே எண்ணிவரும் வாரிசு. மகளின் மகனோ தங்கையின் மகனோ இதில் சேரமாட்டார்கள். டக்ளஸ் மார்க்வெஸ், ஆங்கஸ் ஏர்ல் முதலிய பழைய பட்டங்கள் இவ்வழியில் சென்றன.

2. இரத்தவழி வாரிசு. ஆண் வாரிசு இல்லாதபோது பெண்கள் வழியாகவும் தொடரும் நேரடி உறவு. டியூக்குக்குப் பிள்ளை இல்லாத நிலையில், தங்கையின் மகன் இவ்வகையில் மிக நெருங்கியவன்.

3. என்டெய்ல். குடும்ப நிலத்தை விற்கவோ துண்டாடவோ முடியாதபடி, அது தலைமுறை தலைமுறையாக யார் யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கும் ஆவணம். பிரபுக்களின் அதிகாரம் நிலத்தில் இருந்தது. நிலம் சிதறாமல் இருக்க இதுவே பூட்டு.

4. வாரிசாகப் பதியப்படுதல். ஸ்காட்லாந்தில் இறந்தவரின் வாரிசு என்று உரிமை கோருபவர், ஒரு நடுவர் குழுவின் முன் தன் உறவை நிறுவி, வாரிசு என்று முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பைப் பின்னர் எடின்பரோவின் செஷன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நீக்கக் கோரலாம்.

டியூக் 1761 ஜூலை 21 அன்று இறந்தார். அவரோடு டியூக் பட்டம் அழிந்தது. மார்க்வெஸ், ஏர்ல் பட்டங்கள் ஆண்வழி உறவினரான ஏழாவது ஹாமில்டன் டியூக்குக்குப் போயின. அவர் அப்போது ஆறு வயதுச் சிறுவன். ஆனால் நிலம், டியூக்கின் கடைசி ஆவணப்படி, அவருடைய தந்தையின் உடல்வழி வாரிசுகளுக்கு உரியது. அப்படி உயிரோடு இருந்தவர், லேடி ஜேன் உண்மையிலேயே பெற்றிருந்தால், ஆர்ச்சிபால்ட் ஒருவர் மட்டுமே. அவர் லேடி ஜேனின் வயிற்றில் பிறக்கவில்லை என்றால் அந்த உரிமையில் ஒரு துளியும் அவருக்கு இல்லை. டியூக் தன் ஆவணத்தில் பிள்ளையின் பெயருக்கு அல்லாமல் குருதி உறவுக்கு நிலத்தை எழுதியதால்தான், ஒரு பிரசவம் நடந்ததா இல்லையா என்பது ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய சொத்து வழக்காக மாறியது.

1761 செப்டம்பரில் நடுவர் குழு ஆர்ச்சிபால்டை வாரிசு என்று அறிவித்தது. ஹாமில்டன் தரப்பு அதை ஏற்கவில்லை. சிறுவனான ஹாமில்டன் டியூக்கின் தாய் எலிசபெத் கன்னிங், அயர்லாந்திலிருந்து வந்து தன் அழகால் லண்டனையே திகைக்கவைத்தவர்; முதல் கணவர் ஹாமில்டன் டியூக் இறந்தபின் ஆர்கைல் டியூக் பட்டத்துக்கு உரிய ஜான் கேம்பெலை மணந்திருந்தார். ஆக, ஒரு பக்கம் ஹாமில்டன், ஆர்கைல் என்ற இரண்டு பெருங்குடும்பங்கள். மறுபக்கம் குவீன்ஸ்பெரி டியூக்கும் விதவை மார்கரெட்டும். பிள்ளைகள் இருவரின் பெயரில் பெரியவர்கள் நடத்திய போர் இது.

## ஹாமில்டன் தரப்பு பாரிஸில் தேடியவை

ஹாமில்டன் சிறுவனின் காப்பாளர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆன்ட்ரூ ஸ்டூவர்ட் 1762 முதல் பாரிஸில் தங்கி, பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜூலை மாதத்தை நாள் நாளாகத் தோண்டினார். கர்னலின் உறவினர் அல்லர் இவர். பெயர் ஒற்றுமை மட்டுமே. அவர் அடுக்கிய வாதங்களில் முக்கியமானவை:

1. வீடு கிடைக்கவில்லை. பிரசவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட மேடம் லா ப்ரூனையும் அவருடைய வீட்டையும் எவ்வளவு தேடியும் உறுதிப்படுத்த முடியவில்லை.

2. விடுதிப் பதிவேடு. கொடெஃப்ருவா என்பவர் நடத்திய விடுதியின் பதிவேட்டின்படி, அத்தம்பதியர் ஜூலை 4 முதல் பிரசவத்துக்குப் பிந்தைய சில நாள்கள் வரை அங்கேயே தங்கியிருந்தார்கள். விடுதிக்காரரும் மனைவியும் அங்கே எந்தப் பிரசவமும் நடக்கவில்லை என்றனர். ஜூலை 10 அன்று லேடி ஜேன் அந்த விடுதியில் இருந்தார் என்றால், லா ப்ரூன் வீட்டுக் கதை முழுவதும் சரிந்துவிடும்.

3. பிரசவ மருத்துவரின் கடிதங்கள். லா மார் எழுதியவை என்று கர்னல் காட்டிய கடிதங்கள் பொய்யாகப் புனையப்பட்டவை என்பது வெளிப்பட்டது. டக்ளஸ் தரப்பால் கடைசிவரை துடைக்க முடியாத கறை இது.

4. கர்னலின் வாக்குமூலம். 1762இல் நீதிமன்றத்தில் அவர் கொடுத்த விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. நாளும் இடமும் பெயரும் இடறின.

5. காணாமல் போன இரண்டு குழந்தைகள். 1748 ஜூலையில் மின்யோன் என்ற கண்ணாடித் தொழிலாளியின் பச்சிளம் குழந்தையை அயல்நாட்டார் சிலர் வாங்கிச் சென்றிருந்தனர். 1749 நவம்பரில் சான்ரி என்ற கயிற்றுக் கூத்தாடியின் குழந்தை அதே போல அயல்நாட்டார் கைக்குப் போனது. முதலாவது ஆர்ச்சிபால்டின் பிறப்போடும், இரண்டாவது ஷோல்ட்டோவை எடுத்துவந்த மாதத்தோடும் பொருந்தின.

இந்த ஐந்தாவது கண்டுபிடிப்பின் வலிமையை இன்றும் மறுக்க முடியாது. ஒரு பொருத்தம் தற்செயலாக இருக்கலாம். பதினாறு மாத இடைவெளியில் இரண்டு பொருத்தம் என்பது எந்த நடுநிலையாளரையும் உலுக்கும். தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் ஹாமில்டன் தரப்பை நம்பியதும், எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அப்பக்கம் சாய்ந்ததும் காரணமில்லாமல் அல்ல.

ஆனால் சான்று சேகரித்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஹாமில்டன் தரப்பு பாரிஸின் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, தேவாலயங்களில் ஓர் அறிவிப்பை வாசிக்கவைத்தது. குழந்தை வாங்கிய அயல்நாட்டாரின் தோற்றம் முதலானவற்றை விவரித்து, அறிந்தவர்கள் முன்வந்து சொல்ல வேண்டும் என்று கேட்ட அறிவிப்பு அது. சாட்சி வருமுன்பே சாட்சி சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது போலாயிற்று என்று டக்ளஸ் தரப்பு கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானதே. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வாசலில் வந்துபோன ஓர் அயலாரின் முகத்தை ஏழைத் தாய் ஒருத்தி எப்படி நினைவுகூர்கிறாள், எவ்வளவு நினைவு அவளுடையது, எவ்வளவு பலிபீடத்தருகே கேட்டது என்று பின்னர் யாராலும் பிரிக்க முடியவில்லை.

## டக்ளஸ் தரப்பின் மறுமொழி

டக்ளஸ் தரப்பு கர்னலின் பொய்களை முழுவதும் மறைக்க முயலவில்லை. வயது முதிர்ந்த, கணக்கு வழக்கில் ஒழுங்கற்ற ஒருவர், ஊரின் வாயை அடைக்கக் கடிதம் புனைந்தார் என்றால் அது இழிவு. அதனாலேயே பிரசவம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்றது. விடுதிப் பதிவேடு கவனக்குறைவாக எழுதப்பட்டது, விருந்தினர் வந்து போன நாள்களை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று காட்டியது. லா மார் என்ற பெயரில் உண்மையிலேயே ஒரு பிரசவ மருத்துவர் பாரிஸில் வாழ்ந்திருந்தார் என்பதையும், வயதான ஓர் அயல்நாட்டுப் பெண்மணிக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததைப் பற்றி அவர் சக மருத்துவரிடம் பேசியிருந்தார் என்பதையும் நிறுவ முயன்றது.

இவற்றைவிடக் கனமானவை மூன்று. ஆகனிலும் ரீம்ஸிலும் லேடி ஜேனின் வயிற்றைக் கண்ணால் கண்டவர்களின் சாட்சியம். அதில் ஆடை மாற்றிவிட்ட பணிப்பெண்ணும் அடக்கம். வறுமையிலும் பிள்ளைகளை விட்டுப் பிரியாமல், ஷோல்ட்டோ இறந்தபோது மனம் உடைந்து, தானும் சில மாதங்களில் இறந்த ஒரு தாயின் நடத்தை. மூன்றாவது, 1764 ஜூனில் இறப்பதற்குச் சில நாள் முன், அதற்குள் பாரனெட் பட்டம் பெற்றுச் சர் ஜான் ஆகியிருந்த கர்னல், கடவுளின் முன் நிற்கப்போகும் மனிதனாகச் சொல்கிறேன் என்று உறுதிகூறி, இருவரும் தம் பிள்ளைகளே என்று கொடுத்த அறிக்கை. லேடி ஜேனின் கடிதங்களைப் படித்தால், வாங்கிய குழந்தைக்காக இவ்வளவு காலம், யாரும் பார்க்காத இடத்தில்கூட, ஒருவர் இப்படி நடிக்க முடியுமா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

## ஒரே சான்று, இரண்டு தீர்ப்பு

செஷன் நீதிமன்றம் ஸ்காட்லாந்தின் உயர்ந்த உரிமையியல் நீதிமன்றம். அன்று அங்கே நடுவர் குழு கிடையாது. பதினைந்து நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி வாக்களிப்பார்கள். 1767 ஜூலை 7 முதல் பல நாள்கள் அவர்கள் பேசினார்கள். ஜூலை 15 அன்று 8க்கு 7 என்ற கணக்கில் ஹாமில்டன் வென்றார். தலைமை நீதிபதி ராபர்ட் டன்டாஸ் ஹாமில்டன் பக்கம்; எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லின் தந்தையான நீதிபதி ஆக்கின்லெக் டக்ளஸ் பக்கம்.

பெரும்பான்மையினர் கேட்ட கேள்வி இது: சான்றுகளை எல்லாம் தராசில் வைத்தால், பிரசவம் நடந்திருக்கக்கூடியது எவ்வளவு? வீடு இல்லை, மருத்துவரின் கடிதம் பொய், விடுதிப் பதிவேடு எதிர், இரண்டு குழந்தைகள் காணவில்லை. அவர்கள் தராசு ஹாமில்டன் பக்கம் தாழ்ந்தது.

பிரபுக்கள் அவை வேறு கேள்வியிலிருந்து தொடங்கியது. 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபின், செஷன் நீதிமன்றத்தின் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு லண்டன் பிரபுக்கள் அவைக்குப் போவது வழக்கமாகியிருந்தது. அங்கே நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியான லார்ட் சான்சலர் பதவியில் இருந்த கேம்டனும், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டும் பேசினார்கள். மான்ஸ்ஃபீல்டும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. அவர்களின் வாதத்தின் சாரத்தை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. முறைப்படி மணந்த தம்பதியர் ஒரு குழந்தையைத் தங்களுடையது என்று ஏற்று, உலகறிய வளர்த்து, சாகும்வரை அதையே சொன்னால், அந்தக் குழந்தை அவர்களுடையது என்று சட்டம் முதலில் ஏற்கும்.

2. அதை உடைக்க வருபவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பிள்ளையின்மேல் சந்தேகத்தை எழுப்பினால் போதாது. அவன் வேறு ஒருவரின் பிள்ளை என்பதைத் திட்டமாக நிறுவ வேண்டும்.

3. கருவுற்றிருந்ததைக் கண்ட சாட்சிகள் நம்பத்தக்கவர்கள். கருவுற்றது உண்மை என்றால், பிரசவ இடம் குறித்த குழப்பங்களால் மட்டும் குழந்தை மாயமாகிவிடாது.

மான்ஸ்ஃபீல்ட் இவற்றோடு உருவ ஒற்றுமையையும் சேர்த்தார். ஆர்ச்சிபால்ட் தந்தையின் சாயல், ஷோல்ட்டோ தாயின் சாயல் என்பதைச் சான்றாகவே எடுத்துக்கொண்டார். இன்றைய மரபணுச் சோதனையின் கண்ணோடு பார்த்தால் இது மிக மெலிந்த சான்று. தம் பேச்சில் அவர் லேடி ஜேனின் பிறப்புயர்வையும் நற்குணத்தையும் வாதமாக்கியதும் ஏற்கத்தக்கதல்ல. உயர்குடிப் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பது சட்டமாகாது. ஆனால் முதல் இரண்டு கருத்துகளும் உறுதியானவை என்றே நான் கருதுகிறேன். பிறந்து பதினைந்து ஆண்டுக்குப் பின் ஒவ்வொருவரும் தன் பிறப்பைத் தானே மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் கேட்டால், தாயும் மருத்துவரும் இறந்துபோன எவருக்கும் குடும்பம் மிஞ்சாது. செஷன் நீதிமன்றத்தின் பெரும்பான்மை உண்மைக்கு அருகில் நின்றிருக்கலாம். சட்டத்துக்கு அருகில் நின்றது பிரபுக்கள் அவைதான். ஐந்து பிரபுக்கள் மட்டும் தங்கள் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தனர்.

## தெருவும் அச்சகமும்

தீர்ப்புச் செய்தி மார்ச் 2 அன்று எடின்பரோவை எட்டியது. டக்ளஸ் வெற்றிக்காக வீடுகளில் விளக்கேற்ற வேண்டும் என்று கூட்டம் ஆணையிட்டது. ஏற்றாத சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தது. தலைமை நீதிபதி டன்டாஸின் வீடு தாக்கப்பட்டது. அமைதிக்குப் படை வரவேண்டியதாயிற்று. கல்லெறிந்தவர்களுக்கு நிலத்தில் ஒரு காணியும் கிடைக்கப்போவதில்லை. ஆனாலும் ஆதரவற்ற ஒரு பிள்ளையைப் பெருங்குடும்பங்கள் சேர்ந்து வீட்டைவிட்டுத் துரத்துகின்றன என்றே மக்கள் வழக்கைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்படிப் புரியவைத்தவர்களில் முதன்மையானவர் பாஸ்வெல். இளம் வழக்கறிஞரான அவர் 1767இல் வழக்கை ஸ்பானியக் கதையாக மாற்றி ஒரு சிறுநூலும், வழக்கின் சுருக்கமும், லேடி ஜேனின் கடிதத் தொகுப்பும் வெளிவரச் செய்தார். சன்னல் உடைத்த கூட்டத்தில் அவரும் இருந்தார். 1773இல் ஜான்சனோடு அவர் இன்வெரேரி கோட்டைக்கு விருந்துக்குப் போனபோது, ஆர்கைல் டியூக்கின் மனைவியாகியிருந்த எலிசபெத் கன்னிங் அவரை முகங்கொடுத்துப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவருடைய மகன், வழக்கின் மறுபக்கத்துச் சிறுவனான ஏழாவது ஹாமில்டன் டியூக், தீர்ப்பு வந்து ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், பதினான்கு வயதில் இறந்திருந்தான்.

வழக்கறிஞர்களிடையேயும் பகை மூண்டது. டக்ளஸுக்காக வாதாடிய எட்வர்ட் தர்லோ, ஆன்ட்ரூ ஸ்டூவர்ட்டின் நேர்மையைத் தாக்கிப் பேசியதால் இருவரும் 1769 ஜனவரியில் ஹைட் பார்க்கில் துப்பாக்கியோடு சந்தித்தார்கள், இருவருக்கும் காயமில்லை. 1773இல் ஆன்ட்ரூ ஸ்டூவர்ட், மான்ஸ்ஃபீல்டின் தீர்ப்புரையைக் கண்டித்து அவருக்கே எழுதிய கடிதங்களை அச்சிட்டார். தர்லோ பின்னாளில் லார்ட் சான்சலர் ஆனார்.

## சொத்து போன வழி

ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் அமைதியான நிலக்கிழாராக வாழ்ந்தார். நாடாளுமன்ற உறுப்பினரானார், 1790இல் பாரன் பட்டம் பெற்றார், 1827இல் இறந்தார். 1783இல் அவர் இரண்டாம் மனைவியாக மணந்த லேடி பிரான்செஸ் ஸ்காட், 1720இல் லேடி ஜேனைக் கைவிட்ட அந்த டால்கீத் ஏர்லின் பேத்தி. ஆர்ச்சிபால்டுக்குப் பின் மகன்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராகப் பாரன் பட்டம் ஏற்றனர். மூவருக்கும் வாரிசு இல்லாமல் 1857இல் அந்தப் பட்டமும் மறைந்தது. நிலம் மறுபடியும் பெண்வழியில் இறங்கி, மகளின் மகள் மூலம் ஹோம் ஏர்ல் குடும்பத்தை அடைந்தது. 1963இல் பிரிட்டனின் பிரதமரான அலெக் டக்ளஸ்-ஹோமின் பெயரில் முதற்பாதி அப்படி வந்ததே. விதவை மார்கரெட், 1774இல் இறக்குமுன், தன் பணத்தில் நிலம் வாங்கி அதற்கு 'டக்ளஸ் சப்போர்ட்' என்று பெயரிட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார்.

மின்யோன் குடும்பத்துக்கும் சான்ரி குடும்பத்துக்கும் எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை. அவர்களுடைய குழந்தைகள் எங்கே போனார்கள் என்பது வழக்கின் கேள்வி அல்ல; ஒரு நிலத்துக்கு உரியவர் யார் என்பதற்கான சான்றாக மட்டுமே அவர்கள் கேட்கப்பட்டார்கள். பிரபுக்கள் அவையின் தீர்ப்பு சரியென்றால், அந்த இரண்டு குழந்தைகளையும் வாங்கிப் போனவர்கள் வேறு யாரோ. 1769 பிப்ரவரி 27க்குப் பிறகு அவர்களைத் தேட யாருக்கும் காரணம் இருக்கவில்லை.